புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம்: எந்த நூலில் தொடங்குவது, சொற்களை எப்படி மனதில் நிறுத்துவது?

#1 கடலோர வாசகன்

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிறிய சபையில் ஞாயிறு மாலை வேதபாடம் எடுக்கிறேன். வேலை வங்கியில். இறையியல் கல்லூரிக்குப் போனதில்லை. புதிய ஏற்பாட்டை அது எழுதப்பட்ட கிரேக்கத்திலேயே படிக்க வேண்டும் என்ற ஆசை பல வருடமாக உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இரவில் ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கிறது.

விசாரித்தால் ஒருவர் மௌன்ஸ் என்கிறார், இன்னொருவர் மேச்சன் என்கிறார், மூன்றாமவர் இலக்கணமே வேண்டாம், கேட்டுப் பேசிப் பழகு என்கிறார். தனியாகப் படிக்கிறவனுக்கு எது சரி? சொற்களை எந்த வரிசையில் படிப்பது? உச்சரிப்பில் எந்த முறை? காசு செலவழிக்காமல் எவ்வளவு தூரம் போகலாம்?

இன்னொன்று. ஆங்கிலம் வாசித்தால் புரியும். ஆனால் பார்ட்டிசிப்பிள், ஜெனிட்டிவ், சப்ஜங்டிவ் என்று ஆங்கில இலக்கணச் சொற்கள் வந்தால் நின்றுவிடுகிறேன். தமிழ் இலக்கணம் பள்ளியில் ஆர்வமாகப் படித்தவன்.

#2 கிரேக்க வாத்தியார்

தம்பி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். வேதாகமக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பில் பயன்பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

வில்லியம் மௌன்ஸின் அடிப்படை இலக்கண நூல் 1993இல் வந்தது. நான்காம் பதிப்பு 2019. தனியாகப் படிக்கிறவருக்கு இதைவிடப் பொறுமையான நூல் கிடையாது. பயிற்சிப் புத்தகம், விடைகள், ஒலிப்பதிவு எல்லாம் கிடைக்கும். பெயர்ச்சொல்லை முழுதாக முடித்துவிட்டுத்தான் வினைக்குள் நுழைவார். அதனால் முதல் பதினான்கு அதிகாரம் வரை முழு வாக்கியம் ஒன்றைச் சொந்தமாகப் படித்த நிறைவு கிடைக்காது. பலர் அங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். வினை ஏன் இன்னும் வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம், அவருடைய திட்டமே அப்படித்தான்.

கிரெஷாம் மேச்சனின் நூல் 1923இல் வந்தது. மூன்றாம் பாடத்திலேயே வினை வந்துவிடும். விளக்கம் சுருக்கம், பயிற்சி ஏராளம். ஆங்கிலத்திலிருந்து கிரேக்கத்துக்கு மாற்றும் பயிற்சியும் உண்டு. அதைச் செய்தவருடைய கை மறக்காது. பழைய நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குறை என்னவென்றால் பயிற்சி வாக்கியங்களில் பெரும்பாலானவை அவரே கட்டியவை. அப்போஸ்தலன் வீட்டைப் பார்க்கிறான் என்கிற மாதிரி இருக்கும். வேதவாக்கியத்தைத் தொட நாளாகும்.

நம் ஊர்க் கல்லூரிகளில் நீண்ட காலம் கையாண்டது வென்ஹாம், 1965இல் வந்தது. 2005இல் ஜெரமி டஃப் அதைப் புதுக்கி எழுதினார். ஆங்கில இலக்கணம் பலவீனமாக இருப்பவருக்கு டஃப் இதமானவர். ராட்னி டெக்கர் 2014இல் வெளியிட்ட நூல் கனமானது, ஆனால் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்திலிருந்தும் உதாரணம் தருகிறது. வாத்தியார் கையில் இருக்க வேண்டிய நூல்.

உங்களுக்கு என் பரிந்துரை: மௌன்ஸ் அல்லது டஃப், ஏதாவது ஒன்று. அதைக் கடைசிப் பக்கம் வரை முடியுங்கள். ஐந்து நூல்களின் முதல் ஐந்து அதிகாரங்களைப் படித்த மாணவர்கள் எனக்கு நிறையத் தெரியும். அவர்களில் யாரும் மாற்கு சுவிசேஷம் வரை வரவில்லை.

டேனியல் வாலஸின் பெரிய இலக்கணத்தை (1996) இப்போது வாங்க வேண்டாம். ஆறாம் வேற்றுமையை மட்டுமே முப்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிற நூல் அது. இரண்டாம் ஆண்டில் அதைவிட நல்ல துணை இல்லை. முதல் ஆண்டில் மிரட்டிவிடும்.

#3 மலர்விழி

வாத்தியார் ஐயா சொன்ன நூல்களில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கேட்டவர் கடைசியில் எழுதிய வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். தமிழ் இலக்கணம் தெரியும் என்கிறார். அண்ணா, உங்கள் கையில் பெரிய முதல் இருக்கிறது. வேதாகம மொழிபெயர்ப்புப் பணியில் கிரேக்கத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவள் நான். ஆங்கிலம் பேசுகிற மாணவருக்காக எழுதிய நூல் எதை மலைபோல் காட்டுகிறதோ, அதில் பாதி நமக்கு வீட்டுப் புழக்கம்.

வேற்றுமையை எடுங்கள். சொல்லின் கடைசியில் உருபு மாறினால் வாக்கியத்தில் அதன் வேலை மாறும் என்பதை ஆங்கிலேயருக்கு ஓர் அதிகாரம் முழுக்க விளக்குகிறார்கள். நமக்கு அது ஒரு வரி. நன்னூல் எட்டு வேற்றுமை சொல்கிறது, கிரேக்கத்தில் வடிவங்கள் ஐந்து. எழுவாய்க்கு ஒன்று, இரண்டாம் வேற்றுமைக்கு ஒன்று, விளிக்கு ஒன்று. மீதி இரண்டுதான் பல வேலை பார்க்கின்றன. ஜெனிட்டிவ் நம் ஆறாம் வேற்றுமை, அதோடு ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருளையும் சுமக்கும். டேட்டிவ் நம் நான்காம் வேற்றுமை. மூன்றின் ஆல், ஏழின் இல், இரண்டின் வேலையும் அதனுடையதே. எபேசியர் 2:8இல் 'தே கரிதி' என்பது வடிவில் டேட்டிவ். தமிழ் வேதாகமம் 'கிருபையினாலே' என்று மூன்றாம் வேற்றுமையில் சரியாக வைத்திருக்கிறது. இந்தப் பொருத்தத்தை ஒரு தாளில் எழுதி நூலின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பார்ட்டிசிப்பிள். மௌன்ஸில் 26ஆம் அதிகாரத்தில் வரும். பலர் நூலை மூடுகிற இடம் அதுதான். நமக்கு அது மூன்று பழைய நண்பர்கள்: வினையெச்சம், பெயரெச்சம், வினையாலணையும் பெயர். யோவான் 3:16இல் 'பாஸ் ஹொ பிஸ்தெயுஓன்' என்று வருகிறது. 'விசுவாசிக்கிறவன் எவனோ அவன்' என்று நம் வேதாகமத்தில் இருக்கிறதே, அது வினையாலணையும் பெயர். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு துணை வாக்கியம் தேவைப்படும். தமிழில் ஒரே சொல்.

மத்தேயு 2:11ஐப் பாருங்கள். சாஸ்திரிகள் எல்தொந்தெஸ், 'வந்து'. பெசொந்தெஸ், 'விழுந்து'. அநொய்க்ஸந்தெஸ், 'திறந்து'. அப்படியே நம் வினையெச்சங்கள். ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். தமிழ் இன்னும் தாராளமாகப் போய், கண்டார்கள், பணிந்தார்கள் என்று கிரேக்கத்தில் முற்றாக நிற்கும் வினைகளையும் 'கண்டு', 'பணிந்துகொண்டு' என்று எச்சமாக்கிவிட்டது. எது கிரேக்கத்தில் முற்று, எது எச்சம் என்பதைத் தமிழை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதோடு, நம் வினையெச்சத்துக்குப் பால், எண், வேற்றுமை கிடையாது. கிரேக்க எச்சத்துக்கு மூன்றும் உண்டு. யார் வந்தது, யார் விழுந்தது என்று அந்த விகுதியே காட்டிக்கொடுக்கும்.

எழுவாய் மாறினால் என்ன ஆகும்? தமிழில் 'இயேசு பிறந்து, சாஸ்திரிகள் வந்தார்கள்' என்று சொல்ல முடியாது, 'பிறந்தபோது' என்போம். கிரேக்கமும் அங்கே வழி மாறும். மத்தேயு 2:1இல் 'தூ தெ யேசூ கென்னேதெந்தொஸ்' என்று பெயரும் எச்சமும் சேர்ந்து ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும். 'இயேசு பிறந்தபோது' என்று நம் வேதாகமம் வைத்தது இதைத்தான். இலக்கண நூலில் ஜெனிட்டிவ் அப்சலூட் என்று ஒரு தனித் தலைப்பு வரும்போது பயப்படாமல் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு உண்மையிலேயே கடினமானது ஒன்று உண்டு: ஆர்ட்டிக்கிள், ஆங்கிலத்தின் 'தி' (the) போன்ற சிறு சொல். ஹொ, ஹே, தொ. தமிழில் அதற்கு இணை இல்லை. 24 வடிவம், புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 20,000 முறை வருகிறது. ஆங்கிலேயர் அதைத் தள்ளிக்கொண்டு போவார்கள், நாம் அங்கே உட்கார வேண்டும். யோவான் 1:1இன் கடைசிப் பகுதி 'கய் தெஒஸ் ஏன் ஹொ லொகொஸ்'. தெஒஸ், லொகொஸ் இரண்டும் முதல் வேற்றுமை. எது எழுவாய், எது பயனிலை? தெஒஸ் முதலில் நிற்பதால் அது எழுவாய் என்று நினைத்தால் தவறு. 'ஹொ' யாரிடம் இருக்கிறதோ அதுவே எழுவாய்: வார்த்தை தேவனாயிருந்தது. இந்த ஒரு சிறு சொல்லின் 24 வடிவங்களையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற அளவு படியுங்கள். மற்ற பெயர்ச்சொற்களின் விகுதிகள் பெரும்பாலும் அதைப் பார்த்தே வந்துவிடும்.

#4 யாழ் வாசகன்

மலர்விழி அக்கா, பார்ட்டிசிப்பிள் விளக்கத்துக்கு நன்றி. இதை யாரேனும் எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். வெளிநாட்டுப் புத்தகம் இங்கே வந்து சேரக் கன காசும் நாளும் பிடிக்கும். அதனால் இலவசமாய்க் கிடைக்கிறதை வடிவாய்த் தேடி வைத்திருக்கிறன்.

மூலத்துக்கு எஸ்பிஎல் எண்ட வேதாகம ஆய்வறிஞர் சங்கத்தின் கிரேக்க புதிய ஏற்பாடு, 2010இல் வந்தது, இலவசமாய்த் தரவிறக்கலாம். நெஸ்லே-ஆலந்த் எண்ட ஆய்வுப் பதிப்பின் 28ஆம் பதிப்பு வாசகத்தை ஜெர்மன் வேதாகமச் சங்கத்தின் தளத்தில் படிக்கலாம். பாடபேதக் குறிப்புகள், அதாவது சுவடிக்குச் சுவடி வாசகம் மாறுற இடங்கள் வேண்டுமெண்டால்தான் அச்சுப் புத்தகம் வாங்க வேணும். கேம்பிரிட்ஜ் டிண்டேல் ஹவுஸ் நடத்துற ஸ்டெப் பைபிள் எண்ட இலவச மென்பொருள் எல்லாத்திலும் பெரிய கொடை. சொல்லில் விரலை வைத்தால் மூல வடிவம், இலக்கணக் குறிப்பு, அகராதி எல்லாம் வரும். இணையம் இல்லாமலும் பாவிக்கலாம், எங்கட பக்கத்துக்கு அது முக்கியம்.

அகராதிக்கு, 1922இல் வந்த அபட்-ஸ்மித் இலவசம். தேயர் அகராதியும் இலவசமாய் எங்கும் கிடைக்கும், ஆனால் அது 1880களில் வந்தது. எகிப்தில் ஒக்ஸிரிங்குஸ் மணலிலிருந்து பப்பைரஸ் ஏடுகளைக் கிரென்ஃபெல்லும் ஹண்டும் 1896 தொடக்கம்தான் கிண்டி எடுக்கத் தொடங்கினவை. கடிதம், கடன் பத்திரம், கணக்கு எண்டு சாதாரண சனத்தின் கிரேக்கம் அதில் வந்தது. வேதாகமத்தில் மட்டுமே உண்டு எண்டு தேயர் காலத்தில் நினைத்த பல சொற்கள் அங்கே சந்தைப் பேச்சாய்க் கிடந்தது. தேயரைப் பார்க்கலாம், அதிலேயே நிற்கக் கூடாது. காசு சேர்ந்தால் வாங்க வேண்டியது பிடாக் எண்டு சொல்லுற 2000ஆம் ஆண்டு அகராதி.

யூடியூபில் 'டெய்லி டோஸ் ஆஃப் கிரீக்' இருக்கு. ராபர்ட் பிளம்மர் நாளுக்கு ஒரு வசனம் எடுத்துச் சில நிமிடத்தில் பிரித்துக் காட்டுவார். அடிப்படை முடிந்தவைக்கு அது நல்ல பழக்கம்.

#5 எளிய வழி

எல்லாம் சரி. ஆனால் வேலைக்குப் போகிற மனிதர் இவ்வளவு பாடுபட வேண்டுமா? ஒவ்வொரு கிரேக்கச் சொல்லுக்கும் கொடுத்திருக்கும் ஸ்ட்ராங் எண்ணைத் தட்டினால் கிரேக்கச் சொல்லும் அதன் பொருளும் வந்துவிடுகிறது. நான் அப்படித்தான் பிரசங்கம் ஆயத்தம் செய்கிறேன். உண்மையாகவே கேட்கிறேன், அதில் கிடைக்காத எது இலக்கணத்தில் கிடைக்கிறது?

#6 கிரேக்க வாத்தியார்

நியாயமான கேள்வி, சகோதரரே. நேராகவே பதில் சொல்கிறேன்.

ஸ்ட்ராங் 1890இல் தந்தது ஒரு சொல்லடைவு. எந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்பதற்கு அது இன்றும் பயன்படும். ஆனால் எண் என்பது சொல்லின் அகராதி வடிவத்துக்குத்தான். மலர்விழி அம்மா காட்டிய யோவான் 1:1ஐயே எடுங்கள். 'தொன் தெஒன்' என்று இரண்டாம் வேற்றுமையில் வந்தாலும், 'தெஒஸ்' என்று ஆர்ட்டிக்கிள் இல்லாமல் வந்தாலும் எண் 2316தான். அந்த வசனத்தில் பொருளைத் தீர்மானிக்கிற விகுதி எண்ணுக்குள் இல்லை.

இன்னொன்று, அகராதியின் எட்டுப் பொருளில் நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் வழக்கம். எந்தப் பொருள் அந்த இடத்தில் நிற்கும் என்பதை வாக்கியம் சொல்லும். வாக்கியத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் தெரிவு நம் விருப்பமாகிவிடும்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'கிரேக்க மூலத்தில் இது ஏயரிஸ்ட், ஆகையால் ஒரே தரம் நடந்து முடிந்தது' என்று நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறேன். ஏயரிஸ்ட் என்ற வினை வடிவம் அப்படிச் சொல்வதில்லை. செயலை முழுதாக, ஒரே பார்வையில் காட்டுகிறது, அவ்வளவே. எவ்வளவு நேரம் நடந்தது என்று அது பேசாது. யோவான் 2:20இல் தேவாலயம் கட்ட 46 வருஷம் சென்றது என்கிறார்கள். அங்கே வினை ஏயரிஸ்ட். ரோமர் 5:14இல் ஆதாம் முதல் மோசே வரை மரணம் ஆண்டது, அதுவும் ஏயரிஸ்ட். ஃபிராங்க் ஸ்டாக் 1972இலேயே இந்தத் தவறான பழக்கத்தைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். இன்னும் மேடைகளில் நிற்கவில்லை.

இலக்கணம் படித்தால் புதிதாகச் சொல்ல நிறையக் கிடைக்கும் என்பதைவிட, சொல்லக் கூடாதது எது என்று தெரியவரும். சபைக்கு முன்னால் நிற்கிறவருக்கு அது மிக அவசியம் என்று நான் நம்புகிறேன்.

#7 பேச்சுவழிக் கிரேக்கம்

வாத்தியார் ஐயாவிடம் மரியாதையோடு ஒரு கருத்து வேறுபாடு.

அட்டவணை மனப்பாடம் செய்தவர்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்து சில வருடத்தில் கிரேக்கத்தை விட்டுவிடுகிறார்கள். காரணம் சோம்பல் அல்ல. அவர்கள் கற்றது பிரித்துப் பெயர் சூட்ட மட்டுமே, படிக்க அல்ல. ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கி, பிறகு வாக்கியத்தைக் கூட்டுகிறார்கள். 'எர்கொமய்' என்றால் வருகிறேன், 'ஏல்தொன்' என்றால் வந்தேன். இரண்டும் ஒரே வினை என்று அட்டவணையில் தேடுகிறார்கள். வா, வருகிறேன், வந்தேன் என்பதை நமக்கு யாரும் அட்டவணை போட்டுக் கற்றுத்தரவில்லையே. கேட்டோம், பேசினோம்.

இப்போது அதற்கும் வழி இருக்கிறது. ராண்டல் பூத் இஸ்ரவேலில் இந்த முறையை வளர்த்தார். படங்களும் ஒலியும் கொண்ட பாடங்கள் உண்டு. எருசலேமில் கிறிஸ்தோஃப் ரீக்கோவின் போலிஸ் நிறுவனம் வகுப்பு முழுவதையும் கிரேக்கத்திலேயே நடத்துகிறது. காசில்லாமல் வேண்டுமென்றால் யூடியூபில் 'ஆல்ஃபா வித் ஆஞ்சலா' பாருங்கள். பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, நடந்து, உட்கார்ந்து, கிரேக்கத்திலேயே பேசுவார். ஆங்கிலமே வேண்டியதில்லை. ஆங்கில இலக்கணச் சொல்லுக்குத் தடுமாறும் தமிழருக்கு இதைவிட என்ன வேண்டும்?

#8 கிரேக்க வாத்தியார்

நீங்கள் சொல்லும் குறை உண்மை, ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் சத்தமாக வாசிக்கவைப்பதை நான் விடாமல் செய்வதற்குக் காரணமும் அதுவே. ஆனால் கேட்டுப் பழகும் முறைக்கு நேரம் நிறைய வேண்டும், உடன் பேச ஆளும் வேண்டும். இரவில் ஒரு மணி நேரம் மட்டும் உள்ளவர் பவுலின் நீண்ட வாக்கியத்தை எட்ட வேண்டுமென்றால் இலக்கணம் குறுக்குவழி. இரண்டையும் சேர்க்கலாம்: இலக்கண நூல் முதுகெலும்பு, ஆஞ்சலாவின் காணொளி வாரத்தில் இரண்டு நாள்.

#9 சிஸ்டர், திருச்சி

எங்கள் சபையில் இளம் சகோதரிகளுக்குக் கிரேக்கம் தொடங்கிவைப்பவள் நான். கத்தோலிக்கப் பிள்ளைகளிடம் முதல் நாள் நான் கேட்பது, 'உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கிரேக்க வாக்கியம் பாடத் தெரியுமே' என்று. கீரியே எலெய்சோன். கீரியொஸ் என்பதன் விளி வடிவம் கீரியே, நம் எட்டாம் வேற்றுமை. அடுத்தது ஏவல் வினை, அதிலும் ஏயரிஸ்ட் ஏவல். ஒரு விளி, ஓர் ஏவல், ஒரு முழு வாக்கியம்! பிள்ளைகளின் முகத்தில் அப்போது வருகிற வெளிச்சத்துக்காகவே நான் இந்த வகுப்பை எடுக்கிறேன்.

நூல்களில் இன்னும் யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். இயேசு சபைக் குரு மாக்சிமிலியன் செர்விக் இலத்தீனில் எழுதி, மேரி குரோவ்னர் ஆங்கிலத்தில் ஆக்கிய இலக்கணப் பகுப்பாய்வு நூல். மத்தேயு முதல் திருவெளிப்பாடு வரை வசனம் வசனமாக, கடினமான சொல்லை மட்டும் பிரித்துக் காட்டும். நற்செய்தியை ஒரு கையிலும் செர்விக்கை மறு கையிலும் வைத்துக்கொண்டால் மென்பொருளே வேண்டாம். மென்பொருள் எல்லாச் சொல்லையும் சொல்லிவிடும். செர்விக் உங்களைக் கொஞ்சம் யோசிக்கவிடுவார்.

எந்த நூலில் வாசிப்பைத் தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யோவானின் முதல் கடிதம். தனிச்சொற்கள் முந்நூறுக்கும் குறைவு, வாக்கியங்கள் குட்டை, ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். பிறகு யோவான் நற்செய்தி. அதன் சொற்தொகை ஏறத்தாழ ஆயிரம்தான். பிறகு மாற்கு. லூக்காவும் திருத்தூதர் பணியும் அப்புறம். எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள், அதன் நடை செப்பனிட்ட நடை. காத்திருந்து படித்தால் அதன் அழகு தெரியும்.

#10 கடலோர வாசகன்

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. டஃப் நூலை வாங்க முடிவு செய்துவிட்டேன். மேச்சனின் பயிற்சியையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

மலர்விழி தங்கச்சி, மிடில் வாய்ஸ் என்று ஒன்று இருக்கிறதாமே? செய்வினையும் இல்லை, செயப்பாட்டுவினையும் இல்லை என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஏதாவது உண்டா? உச்சரிப்பைப் பற்றியும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

#11 மலர்விழி

உண்டு அண்ணா. 'கொள்' என்ற துணைவினை. யோவான் 13:5இல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார்: நிப்தெய்ன், செய்வினை. யோவான் 9:15இல் பார்வை பெற்றவன் தன் கண்களைக் கழுவியதைச் சொல்கிறான்: எனிப்ஸமேன், நடுவினை. 'கழுவினார்' என்பதற்கும் 'கழுவிக்கொண்டேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. மத்தேயு 27:24இல் பிலாத்து கைகளைக் கழுவிக்கொள்வதும் நடுவினைதான். எல்லா இடத்திலும் 'கொள்' போட்டு மொழிபெயர்க்க முடியாது. ஆனால் செயலின் விளைவு செய்தவரிடமே திரும்புகிறது என்ற உணர்வு நமக்குப் பழக்கமானது. பழைய நூல்கள் சில வினைகளை 'வடிவில் நடுவினை, பொருளில் செய்வினை' என்று ஒதுக்கிவைக்கும். இப்போது பல ஆசிரியர்கள் அந்தப் பாகுபாட்டைக் கைவிட்டு, அவற்றிலும் நடுவினைப் பொருள் இருக்கிறது என்கிறார்கள். வா, உட்கார், பயப்படு, பதில்சொல் போன்ற வினைகள் அவை. செய்பவர் தாமே அதில் ஈடுபட்டிருக்கிற செயல்கள்.

உச்சரிப்பு: கல்லூரிகளில் வழங்குவது எராஸ்முஸ் வழி, 1528இல் அவர் எழுதிய நூலிலிருந்து வளர்ந்த முறை. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஒலி என்பதால் எழுத்துக்கூட்டல் மனதில் நிற்கும். தமிழருக்கு இதில் ஒரு வரம். எப்சிலோன் நம் எ, ஏட்டா நம் ஏ. ஒமிக்ரோன் ஒ, ஒமேகா ஓ. ஆங்கிலேயர் தடுமாறும் குறில் நெடில் நம் காதில் பிறப்போடு வந்தது. 'என் அர்கே ஏன் ஹொ லொகொஸ்', ஆதியிலே வார்த்தை இருந்தது. இதில் 'என்' உருபிடைச்சொல், 'ஏன்' இருந்தது என்ற வினை. நீட்டம் மாறினால் சொல்லே மாறிவிடும்.

#12 பேச்சுவழிக் கிரேக்கம்

அழகான விளக்கம். ஆனால் அப்போஸ்தலர் காலத்தில் ஒ, ஓ வேறுபாடு பெரும்பாலும் மங்கிவிட்டிருந்தது. பப்பைரஸ் ஏடுகளில் உள்ள எழுத்துப்பிழைகளே சாட்சி. பூத் தம் முறையில் இரண்டையும் ஒரே ஒலியாக வைப்பது அதனால்தான்.

இது வெறும் ஒலிப் பிரச்சினையும் அல்ல. ரோமர் 5:1இல் 'எகொமென்' என்றால் சமாதானம் பெற்றிருக்கிறோம். 'எகோமென்' என்றால் பெற்றிருப்போமாக. சீனாய், வத்திக்கான் சுவடிகளில் முதல் கை எழுதியது ஓகாரம், பிறகு திருத்தப்பட்டது. நெஸ்லே-ஆலந்த் அச்சிடுவது ஒகரம், நம் தமிழ் வேதாகமமும் அதையே பின்பற்றுகிறது. அந்த நிருபத்தைப் பவுல் சொல்ல, தெர்தியு எழுதினான் என்று 16:22இல் இருக்கிறது. காதில் இரண்டும் ஒன்றாக விழுந்த காலத்தில் இந்தப் பாடபேதம் எப்படிப் பிறந்திருக்கும் என்று பூத் முறையில் வாசித்துப் பாருங்கள், உடனே விளங்கும்.

#13 மலர்விழி

ஏற்கிறேன். கற்க எராஸ்முஸ், சுவடியைப் புரிந்துகொள்ள, அந்தக் காலப் பொதுக் கிரேக்கமான கொய்னேயின் ஒலி. தொடக்கத்தில் ஒன்றைப் பிடித்து மாற்றாமல் போவதே நல்லது.

#14 யாழ் வாசகன்

சொற்களைப் பற்றிக் கேட்டீங்கள், அதுக்கு ஒருத்தரும் வரேல்லை.

புதிய ஏற்பாடு மொத்தம் ஏறத்தாழ 1,38,000 சொற்கள். தனிச்சொற்கள் ஏறத்தாழ 5,400. அதில் 50 தரத்துக்குக் குறையாமல் வாறவை முந்நூற்றுச் சொச்சம்தான். அவை மட்டுமே நூலின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மூடும். மற்றப் பக்கம், 5,400இல் மூன்றில் ஒரு பங்கு ஒரே ஒரு தரம்தான் வரும். அதுகளை மனப்பாடம் செய்யாதேங்கோ.

அதால் முதல் இலக்கு அந்த முந்நூறு. புரூஸ் மெட்ஸ்கரின் சொற்பட்டியல் நூல் அடுக்கினது அப்படித்தான், அதிகம் வாறது முதலில், பத்துத் தரம் வாறது வரைக்கும். அங்கி (Anki) எண்ட மனப்பாட அட்டைச் செயலியில் ஆயத்தமான அட்டைகள் கன இருக்கு. ஆனால் நீங்களே அட்டை செய்யுங்கோ. ஒரு பக்கம் தனிச்சொல்லை மட்டும் போடாமல், அது வாற ஒரு சின்ன வசனத் துண்டையும் போடுங்கோ. உங்கட குரலையே பதிந்து வையுங்கோ. பின் பக்கம் ஆங்கிலம் வேண்டாம், தமிழ். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் என்ன சொல் இருக்கு எண்டு பார்த்து எழுதினால், கிரேக்கம் படிக்கேக்க தமிழ் வசனமும் மனதில் வரும்.

முன்னொட்டுகளை முதலே படியுங்கோ. எக், எய்ஸ், அனா, கதா, அபொ, சுன் எண்டு பத்துப் பதினைந்துதான். 'பல்லோ' எண்டால் எறி, 'எக்பல்லோ' எண்டால் வெளியே தள்ளு. ஒரு வேர் தெரிந்தால் ஐந்து சொல் வரும். எப்பவும் இந்தக் கூட்டல் பொருளைத் தராது, அகராதியைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேணும்.

#15 கிரேக்க வாத்தியார்

யாழ்த் தம்பி சொன்னது எல்லாம் சரி. 80 விழுக்காடு என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று மட்டும் சேர்க்கிறேன். ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாது என்று அதற்குப் பொருள், தெரியாத அந்த ஒன்றே பெரும்பாலும் வசனத்தின் முக்கியச் சொல்லாக இருக்கும். அங்கேதான் வாசகர் பதிப்புகள் உதவும். ஐக்கிய வேதாகமச் சங்கங்களின் (யுபிஎஸ்) வாசகர் பதிப்பில் 30 முறையும் அதற்குக் குறைவாகவும் வரும் சொற்களுக்குப் பக்கத்தின் அடியிலேயே பொருள் கொடுத்திருக்கிறார்கள். முந்நூறு சொல் வந்தவுடன் அதற்கு மாறுங்கள். அகராதியைப் புரட்டிப் புரட்டி வாசிப்பு அறுந்துபோவது நிற்கும்.

வினைச்சொல்லைப் படிக்கும்போது நிகழ்கால வடிவத்தோடு ஏயரிஸ்ட் வடிவத்தையும் சேர்த்தே படியுங்கள். மற்ற வடிவங்களுக்கு அடிப்படையான ஆறு முதன்மை வடிவங்களையும் முதல் வருடத்தில் எல்லா வினைக்கும் படிக்க முடியாது. அடிக்கடி வருகிற முப்பது வினைக்குப் படித்தால் போதும்.

#16 எளிய வழி

ஏயரிஸ்ட் பற்றி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு யோவான் 2:20ஐ ஸ்டெப் பைபிளில் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. நானும் கடலோர வாசகரோடு சேர்ந்து படிக்கலாமா? இருவர் இருந்தால் நிற்காமல் போகும் என்று நினைக்கிறேன்.

#17 கடலோர வாசகன்

தாராளமாக, பிரதர். தனிச்செய்தி அனுப்புகிறேன். வெள்ளி இரவு இணையத்தில் சேர்ந்து பயிற்சியைச் சரிபார்ப்போம்.

ஐயா, கடைசியாக ஒன்று. எழுத்துகளின் மேல் உள்ள குறிகள். சில நூல் அவற்றை விட்டுவிடுகிறது, சில நூல் ஓர் அதிகாரமே எழுதுகிறது. படிக்க வேண்டுமா?

#18 கிரேக்க வாத்தியார்

குறிகளில் இரண்டு வகை. மூச்சுக்குறியை விடவே கூடாது. 'என்' என்றால் இல் என்ற உருபு. வன்மூச்சுக்குறி போட்டு 'ஹென்' என்றால் ஒன்று. யோவான் 10:30, நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம் என்பதில் வருவது இந்த 'ஹென்'தான்.

அழுத்தக்குறி வேறு. பழைய பெரிய எழுத்துச் சுவடிகளில் அவை பெரும்பாலும் கிடையாது, பிற்காலத்தார் முறையாகச் சேர்த்தவை. அதனால்தான் வென்ஹாம் அதை விட்டுவிட்டார். ஆனால் அச்சில் இருப்பதைக் கண் பார்க்கட்டும். 'க்ரினோ' என்ற வினையில் குறி முன்னால் இருந்தால் நியாயந்தீர்க்கிறேன், கடைசியில் இருந்தால் நியாயந்தீர்ப்பேன். 'திஸ்' என்பதில் குறி இருந்தால் யார், இல்லாவிட்டால் பெரும்பாலும் யாரோ ஒருவர். இப்படிப் பொருள் மாறும் இடங்களை மட்டும் ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள். நீங்கள் எழுதும்போது அழுத்தக்குறி போடாமல் எழுதினாலும் குற்றமில்லை.

முதல் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, 'எஸ்தின்' என்ற வினை, இந்த மூன்றும் முடிந்ததும் 1 யோவான் 1:5இன் பின்பாதியை எடுங்கள்: ஹொ தெஒஸ் ஃபோஸ் எஸ்தின். எது எழுவாய், எதனால் என்று இருவரும் தனித்தனியே இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.